கோடிக்கரையின் இராப்பறவைகள்

பறவைகளை அறிய விரும்புகிறவன் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் பாகுபாடு பகற்பறவை, இராப்பறவை என்பதுதான். பள்ளிப் பாடத்திலும், பாட்டி சொன்ன கதையிலும், பறவை நூல்களின் அட்டவணையிலும் அது ஒரே உறுதியுடன் நிற்கிறது: ஆந்தையும் கூகையும் பக்கியும் இரவுக்கு உரியவை, ஏனைய யாவும் பகலுக்கு உரியவை. தொல்காப்பியமும் நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே பங்கிட்டு, குறிஞ்சிக்கு யாமத்தையும் நெய்தலுக்கு எற்பாட்டையும் உரியதாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்று ஒரு நாழிகை உண்டு என்ற எண்ணத்தில் மிக நுட்பமான ஓர் உண்மை இருப்பதாகவே நான் எப்போதும் நினைத்துவந்திருக்கிறேன். ஆயினும் பங்குனி மாதத்துச் சனி ஞாயிறு ஒன்றைக் கோடிக்கரையில், உறக்கத்தை வேண்டுமட்டும் குறைத்துக்கொண்டு, காட்டுக்கும் சேற்றுக்குமாக நடந்தே கழித்த பிறகு, நெய்தல் நிலத்துப் பறவைகளுக்குப் பொழுது வகுக்கும் காரியத்தை மனிதன் மிக எச்சரிக்கையாகச் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேதாரண்யத்தை விட்டுத் தெற்கே இறங்கும் சாலை, அகத்தியம்பள்ளியின் உப்பளங்களைக் கடந்து, கோடிக்காட்டின் பாலை மரங்களுக்கிடையே புகுந்து, கடலோரத்தில் போய் முடிந்துவிடுகிறது. வடக்கிலிருந்து ஏறக்குறைய நேர்கோடாக இறங்கிவரும் சோழமண்டலக் கரை இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது; கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, உள்ளே மேற்கு நோக்கி விரிந்து கிடக்கும் வேதாரண்யத்துச் சதுப்பு. காற்றும் நீரும் இவ்விடத்தில் வேறெங்கும் போலன்றித் தம்முள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் மிகச் சிறிது. சதுப்பின் நீரை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தள்ளுவதும், சேற்றை மூடுவதும் திறப்பதும் பெரும்பாலும் காற்றின் வேலை. பங்குனி பிறந்து சோளகம் எழுந்துவிட்டால், பகலெல்லாம் தென்காற்று நீரை வடபுறத்துத் தட்டை நிலத்தின்மேல் ஏற்றி வைத்திருக்கும். இரவில் காற்று தணிய, அந்த நீர் வடிந்து, ஈரம் மின்னும் புதுச் சேறு வெளிப்படும். பின்னால் நான் சொல்லப்போவதற்கெல்லாம் அடிப்படை இந்தச் சிறிய நடைமுறைதான்.

என்னோடு வந்த நண்பர் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பறவைகளிடம் அவருக்குள்ள பிரியம் திருமுறைகளின் வழியாக வந்தது. கோடிக்குழகர் கோயில் வாசலில் நின்று, எட்டாம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த சுந்தரர், கடற்காற்று கடிதாக வீசும் இந்தத் தனிமையில் துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இறைவனைக் கேட்டுப் பாடிய பதிகத்தை அவர் நினைவுபடுத்தினார். அப்பதிகத்திலேயே இந்தக் காட்டின் பொந்துகளில் கூடியிருந்து குரலெழுப்பும் ஆந்தைகளும் கூகைகளும் வருகின்றன. இவ்வளவு காலத்துக்கு முன் ஒரு குறிப்பிட்ட காட்டின் இராப்பறவைகள் பெயரோடு பதிவாகியிருப்பதும், அதே காட்டில் அதே பறவைகளைத் தேடி நாங்கள் அந்தி வேளையில் நிற்பதும் எனக்குப் பெரிய பாக்கியமாகப்பட்டது.

எங்கள் திட்டமும் அந்தப் பழைய பாகுபாட்டை ஒட்டியே வகுக்கப்பட்டிருந்தது. இரவில் காட்டோரச் சாலையில் பக்கியையும் ஆந்தையையும் கேட்பது; விடிந்ததும் சதுப்புக்குப் போய், வடக்கே புறப்பட ஆயத்தமாகும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பார்ப்பது. இந்த இரண்டுக்கும் பங்குனியைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. பக்கிகள் முட்டையிடும் பருவம் தொடங்குவதால் அவற்றின் குரல் நாள்தோறும் வலுப்பெறும். குளிர்காலம் முழுதும் சாம்பல் வண்ணத்தில் ஒன்றுபோலவே திரிந்த கரைப்பறவைகள், பிறந்த நாட்டுக்குத் திரும்புமுன் இறகுமாற்றி, ஒவ்வொன்றும் தன் இனத்துக்கேயுரிய வண்ணத்தைப் பூணும். வனத்துறையின் அனுமதியோடு எங்களுக்குத் துணையாக வந்தவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு காவலர். ஐம்பதைக் கடந்தவர், குறைவாகப் பேசுபவர், கேட்பதில் மகா நிபுணர்.

"டார்ச்சை அடிச்சுட்டே இருக்காதீங்க ஐயா. கண்ணு பழகட்டும். முதல்ல காதால பாருங்க, அப்புறம் கண்ணால பாத்துக்கலாம்" என்றார் அவர், சாலையில் கால்வைத்த உடனேயே.

வளர்பிறைத் தசமி, நிலவு உச்சிக்கு அருகே இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தக் காட்டை எவ்வளவு உலுக்கியது என்பதற்கு, தலையிழந்து நின்று மீண்டும் பக்கக்கிளை விட்டிருந்த பாலை மரங்கள் அந்த வெளிச்சத்தில் சாட்சியாக நின்றன. சிறிது நேரத்தில் முதல் பக்கி குரல் கொடுத்தது. அதைக் கேட்டிராதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: சிமெண்டுத் தரையில் கைதவறி விழுந்த கோலிக்குண்டு, துள்ளலின் உயரம் குறையக் குறைய ஒலிகளுக்கிடையே இடைவெளியும் குறுகி, கடைசியில் ஒரே நடுக்கமாகி ஓய்வதுபோல அந்தக் குரல் தொடங்கி முடிகிறது. ஒன்று ஓய்ந்ததும் சற்றுத் தள்ளி மற்றொன்று அதே கணக்கில் எடுத்துக்கொள்ள, சாலையின் இரு மருங்கிலும் அந்தத் தாளம் எங்களோடு நடந்துவந்தது.

பகல் வெயிலை வாங்கி வைத்திருந்த தார்ச்சாலை அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. அதில் ஒரு பக்கி அமர்ந்திருப்பதைக் காவலர்தான் முதலில் கண்டார். கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கைத் தாழ்த்திப் பிடிக்க, இரண்டு சிவந்த ஒளிப்புள்ளிகள் தரையை ஒட்டித் தெரிந்தன. விழித்திரையில் ஒருமுறை படாமல் தப்பிய ஒளியை மீண்டும் அதன்மேலேயே திருப்பியனுப்பும் ஒரு படலம் அப்பறவையின் கண்ணின் பின்புறத்தில் உண்டு; அதுவே நமக்கு அப்படித் தோற்றமளிக்கிறது. மெல்ல மெல்ல நெருங்கிச் சில அடி தூரத்தில் குந்தியபோது, உதிர்ந்த சருகென்றே கருதத்தக்க அந்த உடலில் ஒவ்வோர் இறகும் பழுப்பிலும் கருமையிலும் வெண்சாம்பலிலும் எழுதப்பட்டிருப்பதையும், தொண்டையின் இரு புறமும் இருந்த வெண்திட்டுகள் குரலெழும்போது துடிப்பதையும், சிறிதாகத் தோன்றும் அலகு ஒருமுறை திறந்தபோது அந்த வாய் கண்களுக்குக் கீழ்வரை பிளந்து விரிந்ததையும் கண்டேன். வாயின் ஓரங்களில் விறைப்பான மயிரிழைகள். நடுவிரல் நகத்தில் சீப்பின் பற்களைப்போன்ற அமைப்பு இருப்பதாக நூல்கள் சொல்கின்றன. அதைக் காணும் அளவுக்கு அது எங்களை அனுமதிக்கவில்லை. ஓசையே இல்லாமல் எழுந்து, நிலவில் ஒருமுறை திரும்பி, முட்புதர்களுக்கு அப்பால் இறங்கிவிட்டது.

இந்தப் பறவை கூடென்று ஒன்றைக் கட்டுவதில்லை. வெறுந்தரையில், சருகுகளுக்கிடையே, இரண்டு முட்டைகளை இட்டு, அவற்றின்மேல் தானே சருகாக அமர்ந்துவிடுகிறது. நிலவுக்கும் இதற்கும் உள்ள உறவோ மிக நெருங்கியது. பறக்கும் பூச்சியைக் கண்ணால் கண்டு பிடிக்கவேண்டிய பறவைக்கு அமாவாசை ஒரு பட்டினிக் காலம். குஞ்சுகளுக்கு இரை மிகுதியாகத் தேவைப்படும் நாட்கள் நிலவு நாட்களாக அமையும்படி முட்டையிடும் காலத்தைச் சில பக்கி இனங்கள் சரிக்கட்டிக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரவு என்பது ஒரே இருட்டு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அதற்குள்ளேயே பதினைந்து விதமான வெளிச்சங்களைக் கணக்கிட்டு ஒரு சிற்றுயிர் வாழ்கிறது.

கூகையைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து அதன் கீறலான குரல் ஒருமுறை வந்தது, அவ்வளவே. முழு இருட்டில் அது கண்ணின் துணையே இல்லாமல், காதைக் கொண்டு மட்டும் எலியைப் பிடிக்கவல்லது என்பதை, பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டால் உலகப் பெயர் பெற்ற ராஜர் பெய்ன் தம் இளமையில் சோதனை செய்து நிலைநாட்டினார். அதன் இரு செவிகளும் ஒரே மட்டத்தில் இல்லாதிருப்பதே அந்த வித்தைக்கு மூலம். புள்ளி ஆந்தைகளோ ஊர் எல்லையிலிருந்த புளியமரத்தில் அந்தியிலிருந்தே சச்சரவிட்டுக்கொண்டிருந்தன.

எங்கள் திட்டம் குலையத் தொடங்கியது கண்கிலேடியால்தான். முனியப்பன் ஏரியில் நீர் சுருங்கி ஒரு குட்டையளவே மிச்சமிருந்தது. அதன் வறண்ட ஓரத்திலிருந்து, ஏறிக்கொண்டே போய் உச்சியில் உடைந்து அடங்கும் ஒரு நீண்ட கூவல் எழுந்தது. கேட்ட கணத்தில் மனம் கலங்கிவிடும்படியான குரல் அது. கண்கிலேடியின் பெரிய மஞ்சள் விழிகள் இரவுக்கென்றே அமைந்தவை. பகலெல்லாம் புதர் நிழலில் அசையாமல் நின்று, இருட்டியபின் வெளியில் ஓடித் திரிவது அதன் இயல்பு. ஆனால் குடிவழியில் அது ஆந்தைக்கோ பக்கிக்கோ உறவல்ல. உப்புக்கொத்தியும் உள்ளானும் ஆள்காட்டியும் சேர்ந்த கரைப்பறவைக் குலத்தைச் சேர்ந்தது. நாளைக் காலைக்கென்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்த பட்டியலில் இருந்துகொண்டு, இன்றிரவே, யாமத்தில் அது எங்களை அழைத்தது. காவலர் சதுப்பின் பக்கம் கைகாட்டினார்.

"இப்பவே அங்க போய்ப் பாத்துடலாம் ஐயா. பகல்ல தூங்குறதுங்கதான் அதிகம். ராத்திரிதான் அதுங்களுக்கு வேலை."

போனோம். சேற்றின் விளிம்பில், கரைமேட்டில், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். நிலவு மேற்கே சாய்ந்திருந்தது. காற்று ஓய்ந்து, நீர் பின்வாங்கியிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை; பிறகு கேட்கத் தெரிந்துகொண்டோம். பவளக்காலியின் மூன்றுபடியாக இறங்கும் குரல் இடப்புறத்தில். மிக அருகே, சேற்றில் சிறு கால்கள் ஓடி நின்று ஓடும் மெல்லிய சப்தம். அப்பால் பூநாரைக் கூட்டமொன்று நீரை அலகால் வடித்தபடி தங்களுக்குள் விடாமல் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பு. எங்கோ தொலைவில் பெரிய கோட்டான் என்னும் கரைப்பறவையின் நீண்ட சீழ்க்கை. பகலில் தொலைநோக்கிவழியே பார்த்தால் ஒற்றைக்காலில் நின்று, மூக்கை முதுகிறகில் புதைத்து உறங்கும் ஆயிரக்கணக்கான பறவைகளைக் காட்டும் அதே சதுப்பு, நடுயாமத்தில் ஒரு பெரிய சந்தையைப்போல விழித்திருந்தது.

கரைப்பறவைகளில் அநேகமாக எல்லா இனங்களும் இரவிலும் இரைதேடுகின்றன என்பது இன்று அறிஞர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. காரணங்கள் பல. நீர் வடியும் வேளை சூரியனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. சேறு திறக்கும்போது உண்ணாதவன் அது மூடிய பின் பட்டினி கிடக்கவேண்டியதுதான். பகலில் ஆழத்தில் பதுங்கும் புழுக்களும் நண்டுகளும் இருளில் மேலே வருகின்றன. பகலின் பெரும்பயமான பைரி இரவில் பெரும்பாலும் வருவதில்லை. இவற்றோடு இக்கரையின் பங்குனி வெயிலையும் கூட்டிக்கொள்ளலாம். கண்பெரிய உப்புக்கொத்தி மங்கிய ஒளியிலும் பார்த்தே இரையைப் பிடிக்கும்; பவளக்காலியோ, பிரிட்டனின் கழிமுகங்களில் நெடுநாள் கவனித்தவர்கள் எழுதியிருப்பதுபோல, பகலில் கண்ணால் கண்டு கொத்துவதும் இருட்டில் அலகைச் சேற்றில் செலுத்தித் துழாவி உண்பதுமாக, ஒரே வயிற்றுக்கு இரு தொழில்களை வைத்திருக்கிறது. உள்ளான்களின் அலகுநுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்து, அவற்றில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அமைந்திருக்கின்றன. 'நாட்' என்னும் பெரிய உள்ளானைக்கொண்டு 1990களில் நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சி இதைவிட ஆச்சரியமான ஒன்றைக் காட்டிற்று: ஈரமணலில் அலகை விரைந்து செருகும்போது நீரில் எழும் அழுத்தம், புதைந்துகிடக்கும் சிப்பியால் தடைபட்டு மாறுபடுவதை அப்பறவை உணர்ந்து, சிப்பியைத் தொடாமலேயே அதன் இருப்பை அறிந்துகொள்கிறது. இத்தகைய புலன் படைத்த பிராணிக்கு இருட்டு என்ன தடை?

விடிந்தபிறகு அதற்கான அத்தாட்சியை நேரில் கண்டோம். முந்திய நாள் அந்தியில் நீருக்கடியில் இருந்த இடம், இப்போது வழுவழுப்பான சாம்பல்நிறச் சேறாக எங்கள் காலடியில் கிடந்தது; மனிதரோ ஆடுமாடோ அதில் கால்வைத்திருக்கவில்லை. ஆனால் ஒரு முழம் இடமும் எழுத்தில்லாமல் இல்லை. மூன்று விரல் பதிந்த தடங்கள், சில நேராகவும் சில வட்டமிட்டும். தடத்தின் இரு பக்கங்களிலும் ஊசி நுழையுமளவு துளைகள், இரண்டிரண்டாகவும் கொத்துக்கொத்தாகவும். ஓரிடத்தில் துளைகள் நெருங்கி, சேறு சற்றே கிளறுண்டு, ஒரு புழுவின் அறுந்த வால் இன்னும் ஈரத்தோடு. பறவை நின்ற இடம், இழுத்த இடம், விழுங்கிவிட்டு நகர்ந்த இடம் எல்லாவற்றையும் விரல்வைத்துப் படிக்கமுடிந்தது. நண்பர் வெகுநேரம் அதன்முன் குந்தியிருந்தார். நாங்கள் உறங்கிய நாழிகைகளின் கணக்கு அதில் அப்படியே எழுதப்பட்டிருந்தது.

இந்த உண்மையை நூல்வழியாக அறியுமுன்பே கையால் அறிந்தவர்கள் இக்கரையில் வேலை செய்திருக்கிறார்கள். மைசூர் ராஜ்யத்துச் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகளையும் மனிதர்களையும் தாக்கிய ஒரு விஷக்காய்ச்சலின் கிருமி, சைபீரியப் பக்கத்துக் காய்ச்சல்களின் கிருமிகளுக்கு நெருங்கிய உறவென்று தெரியவந்தபோது, வலசை வரும் பறவைகள்தாம் உண்ணிகளின் மூலமாக அதைக் கொணர்ந்தனவோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார ஸ்தாபனம் உதவியளிக்க, சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவைகளின் காலில் வளையமிடும் பெரும்பணியைத் தொடங்கியது. சந்தேகம் மெய்ப்படவில்லை, பணி மட்டும் நிலைத்தது. பின்னர் கோடிக்கரை அதன் முக்கியமான நிலையங்களில் ஒன்றாயிற்று. அங்கே பல்லாண்டுகளைக் கழித்த எஸ். பாலச்சந்திரன் போன்றோரின் உழைப்பால், கண்டுபிடிப்பவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி வாசகம் பொறித்த சிறு உலோக வளையங்களோடு இக்கரைப் பறவைகள் கண்டங்களைக் கடந்து போய்வந்தன. கரைப்பறவைகளைப் பிடிக்க அவர்கள் வலைகட்டுவது இரவில்தான். மெல்லிய வலையைப் பகலிலும் நிலவிலும் பறவை கண்டுகொள்ளும் என்பது ஒரு காரணம். இரவில் அவை இடம்விட்டு இடம் பறந்து மேய்ந்துகொண்டிருக்கும் என்பது மற்றொன்று. நிலவற்ற இரவுகளில், முழங்காலளவு சேற்றில், வலையிலிருந்து ஒவ்வொரு கொசு உள்ளானாக விடுவித்து எடுத்த அந்தக் கைகளுக்கு இவை இராப்பறவைகள் என்பது ஒருபோதும் புதுச்செய்தியாக இருந்திராது.

உப்பளத் தொழிலாளருக்கும் அப்படியே. நாங்கள் திரும்பி வருகையில், விடியலுக்கு வெகுமுன்பே பாத்திகளில் வேலை தொடங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணை எரிக்கும் என்பதால், இருட்டிலேயே வந்து வாருபலகையால் உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்க்கிறார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்ததால் தேசசரித்திரத்தில் இடம்பெற்ற இந்த மண்ணில், அந்த உப்பை அன்றும் இன்றும் விளைவிக்கிறவர்களுடைய நாளும் பாதி இரவாகவே இருக்கிறது. வரப்பில் தூக்குச்சட்டியோடு வந்த ஒரு மூதாட்டி, எங்கள் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, "குருவி பாக்கவா தம்பி? நாங்க வர்றப்ப எங்களுக்கு முன்னால எந்திரிச்சு ஓடும், அம்புட்டும் பாத்தியிலதான் கெடக்கும்" என்றார். பறவை நூல்கள் பலவற்றில் காணாத அவதானிப்பு அது. இரவும் பாத்தியும் அறிந்தவரின் வாக்கு.

ஞாயிறு மாலையைப்பற்றிச் சொல்லவேண்டும். வளைமூக்கு உள்ளான்கள் கூட்டமாக நின்றிருந்தன. மாசி வரையில் வெளிறியிருந்த அவற்றின் மார்பும் வயிறும் இப்போது செங்கல்நிறம் ஏறி, சிலவற்றில் முழுமையாகவும் சிலவற்றில் திட்டுத்திட்டாகவும் சிவந்திருந்தன. கடந்த சில வாரங்களாக அவை உண்டது அன்றன்றைய பசிக்கு மட்டுமல்ல. நெடும்பயணம் புறப்படும் கரைப்பறவை உடலில் கொழுப்பைச் சேர்த்து, பறக்கும் தசையைப் பெருக்கி, வழியில் பயன்படாத உள்ளுறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. இங்கிருந்து சைபீரியாவின் வட எல்லையான டைமிர்த் தீபகற்பம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். சூரியன் சாயச் சாயக் கூட்டத்தில் ஓர் அமைதியின்மை பரவியது. குரல்கள் அடுக்கடுக்காக எழுந்தன. சிலவை எழும்பி, வட்டமிட்டு, மீண்டும் இறங்கின. இறுதியில் நாற்பது ஐம்பது பறவைகள் ஒன்றாக எழுந்து, இறங்காமலே உயர்ந்து, கலைந்த கூட்டம் சாய்ந்த வரிசையாகத் திருந்தி, தென்காற்று பின்னிருந்து தள்ள, வடக்கு நோக்கிச் சென்றன. எதிர்ப்புறத்தில் காட்டிலிருந்து அதே நிமிஷத்தில் முதல் பக்கி குரல் எடுத்தது. நெடும்பயணம் தொடங்கும் கரைப்பறவைகள் பெரும்பாலும் அந்தியையே புறப்பாட்டு வேளையாகக் கொள்கின்றன. 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்த அந்த இளம் மூக்கனுக்கு, அந்த நாட்களின் இரவு ஒவ்வொன்றும் பகலைப்போலவே சிறகடிக்கும் நேரமாகத்தான் இருந்தது.

இவ்வளவும் கண்டபின் என் மனத்தில் வலுப்பட்ட எண்ணம் ஒன்றுண்டு. அதைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறேன். கோடிக்கரைக் காடு 1967இல் சரணாலயமாயிற்று. 2002இல் இந்தச் சதுப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. எல்லைக்கல் நட்டு நிலத்தைக் காப்பதற்கு நம்மிடம் சட்டமிருக்கிறது. அந்த நிலத்தின் இரவைக் காப்பதற்கு ஒன்றுமில்லை. பறவை தன் உணவில் பெரும்பங்கை எந்த நாழிகையில் தேடுகிறதோ அந்த நாழிகையும் அதன் வீடே. நாட்டின் கரையோரமெங்கும் சாலைகளிலும் ஆலைகளிலும் இறால் பண்ணைகளிலும் கண்கூசும் வெள்ளை விளக்குகள் ஆண்டுதோறும் பெருகிவருகின்றன. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில், ஆலை விளக்கொளி விழும் சேற்றில் பவளக்காலிகள் இரவிலும் கண்ணாலேயே இரைதேடத் தொடங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பறவைக்கு இது அனுகூலம்தானே என்று வாதிடலாம். எனக்கு அது ஒப்பவில்லை. பவளக்காலிக்கு வெளிச்சமானால் பைரிக்கும் வெளிச்சமே; நகரங்களின் விளக்கொளியில் பைரிகள் இரவில் வேட்டையாடப் பழகியிருப்பதும் பதிவான செய்திதான். நிலவின் ஏற்றத்தாழ்வை நம்பி முட்டையிடும் பக்கிக்கோ, என்றும் தேயாத ஒரு நிலவை நாம் நட்டுவைப்பது எந்த வகையிலும் உபகாரமாகாது.

காலமும் அதிகமில்லை. நாங்கள் கண்ட அந்தச் செங்கல்நிற உள்ளான், 2024 அக்டோபரில் அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. சாம்பல் உப்புக்கொத்தியும் அதே சமயத்தில் அதே வரிசைக்கு வந்தது. 1995இல் மொராக்கோ நாட்டுக் கரையில் கடைசியாக உறுதியுடன் காணப்பட்ட மெல்லலகுக் கோட்டான், 2025 அக்டோபரில் அற்றுப்போனதாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஒரு கரைப்பறவை நம் வாழ்நாளிலேயே உலகைவிட்டுப் போய்விட்டது. இதை எழுதும்போது கை தயங்குகிறது.

ஊருக்குப் புறப்படுமுன் காவலரிடம், அடுத்தாற்போல் எப்போது வரலாம் என்று கேட்டேன். வளைமூக்கு உள்ளானில் ஆண்கள் ஆடிக்கு முன்பே வடக்கிலிருந்து கிளம்பிவிடும். குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அவற்றுக்குப் பின். குஞ்சுகளோ வழிகாட்ட யாருமின்றித் தாமாகவே கடைசியில் புறப்பட்டு வரும். இவ்வளவையும் நான் நூலில் படித்திருந்தேன். அவர் அதை வேறுவிதமாக வைத்திருந்தார்.

"ஆடிக் கடைசியில பெருசுங்க வந்துடும் ஐயா, செவப்பு பாதி உதுந்து போயிருக்கும். குஞ்சுங்களைப் பாக்கணும்னா புரட்டாசியில வாங்க. நேத்து ராத்திரி வெறுஞ்சேறா கெடந்த எடத்துல காலைல பாத்தா புதுசா நிக்கும். பக்கத்துல போனாலும் அதுங்களுக்குப் பயம் தெரியாது. நெலா இல்லாத நாளாப் பாத்து வாங்க. கரைமேட்டுல உக்காந்தா, வந்து எறங்குற சத்தத்தைக் கேக்கலாம்."

பஞ்சாங்கத்தைப் பார்த்து, மஹாளய அமாவாசையை ஒட்டிய சனி ஞாயிறைக் குறித்துவைத்திருக்கிறோம். நண்பர் அனுமதிக் கடிதத்தை இப்போதே எழுதி அனுப்பிவிட்டார்.